இடது எஞ்சின்

8 ஜனவரி 1969, புதன்

என் மனைவி மாரித்தங்கம் சந்தையிலிருந்து வாங்கி வந்த டைரி இது. "எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டு வைக்கியளே, இதுலயாவது எழுதுங்க" என்று கொடுத்தாள். ஒரு வாரம் சும்மா கிடந்தது. இன்று தொடங்குகிறேன்.

நான் சார்ஜென்ட் சண்முகையா. விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டர். சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கம். இப்போது வேலை பார்க்கும் நிலையத்தின் பெயரை எழுதக்கூடாது என்பது விதி. வடக்கே, கோதுமையும் கடுகும் விளைகிற சமவெளி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் பத்து குண்டுவீச்சு ஜெட் விமானங்கள் இருக்கின்றன. இறக்கைக்கு ஒன்றாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு எஞ்சின்.

இன்று பனிமூட்டம். ஓடுபாதையின் மறுமுனை தெரியவில்லை, பறப்பு ரத்து. மூன்றாம் எண் விமானத்தின் இடது எஞ்சினுக்கு எரிபொருள் கொண்டுபோகும் ரப்பர் குழாயை மாற்றினேன். முழங்கை நீளம், மணிக்கட்டுப் பருமன். பழைய குழாயில் வெளித்துணி நைந்திருந்தது. ஒரு கைதான் நுழையும் இடம். விரல் மரத்துப்போய், நட்டைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு நட்டையும் முறுக்கி, கழலாமலிருக்கப் பூட்டுக்கம்பி போட்டேன். எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். கசிவு இல்லை.

நான் கையெழுத்துப் போட்ட பிறகு, மேலே உள்ளவர் ஒருவர் டார்ச் அடித்து நேரில் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். வாரண்ட் ஆபீசர் எத்திராஜுலு சார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ரப்பர் குழாய் மக்கர் பண்ணுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

10 ஜனவரி, வெள்ளி

மூன்றாம் எண் விழுந்துவிட்டது.

மேலே உள்ள வரியை மத்தியானம் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. இப்போது சாயங்காலம்.

இரண்டு நாள் பனிக்குப் பிறகு இன்று வெயில் வந்தது. பைலட் முத்தண்ணா சார், நேவிகேட்டர் கோகலே சார். முத்தண்ணா சார் குடகுக்காரர், குன்னூரில் படித்தவர். ஏறும்போது எப்போதும் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசுவார். இன்று "என்ன சார்ஜென்ட், வெயிலைக் கண்டு எவ்வளவு நாளாச்சு" என்றார். கோகலே சார் வரைபடப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். இருபத்தைந்து வயது இருக்கும்.

பதினொன்று பத்துக்கு ஓடுபாதையை விட்டு எழும்பியது. சக்கரங்கள் உள்ளே போனதைப் பார்த்தேன். அப்புறம் சத்தம் மாறியது. இரண்டு எஞ்சினும் சேர்ந்து பாடுகிற சத்தம் எனக்குத் தெரியும். அதில் ஒன்று குறைந்தது. மூக்கு இடது பக்கமாகத் திரும்பியது, இடது இறக்கை சாய்ந்தது. அந்த உயரத்தில் எந்தப் பைலட்டுக்கும் நேரம் கிடையாது. வேலிக்கு அப்பால் கடுகு வயலில் விழுந்தது. முதலில் புகைதான் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

ஓடினேன். வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின. முத்தண்ணா சார் நாற்காலியோடு தூக்கி எறியப்பட்டு வரப்பில் கிடந்தார், உயிர் இருந்தது. கோகலே சாருக்கு இல்லை.

இடது எஞ்சின்.

மாரித்தங்கம் என் பூட்ஸை எடுத்துக் கழுவினாள்.

11 ஜனவரி, சனி

என் கருவிப்பெட்டியைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். விசாரணை முடியும்வரை எனக்கு டயர் கிடங்கில் வேலை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். காலனியில் எங்களையும் சேர்த்து ஐந்து தமிழ்க் குடும்பம். வருஷா வருஷம் பொதுக் குழாயடியில் எல்லோரும் சேர்ந்து பொங்கல் வைப்பார்கள். இந்த வருஷம் யாரும் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. மாரித்தங்கம் வாசலில் தனியாக மூன்று செங்கல் கூட்டிப் பொங்கினாள். பிறகு நான்கு தூக்குச்சட்டியில் எடுத்து நான்கு வீட்டுக்கும் கொண்டுபோனாள்.

"வாங்கினாங்களா?" என்று கேட்டேன்.

"வாங்காம என்ன. சக்கரைப் பொங்கலை வேண்டாம்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?"

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரெண்டாங் கையெழுத்துப் போட்டவரு டார்ச் அடிச்சுப் பாத்தாரா?" என்றாள்.

டயர் கிடங்கில் எலித் தொல்லை அதிகம் என்று சொன்னேன்.

16 ஜனவரி, வியாழன்

கோகலே சாரின் அப்பா சதாராவிலிருந்து வந்திருந்தார். மகனின் பெட்டியை வாங்கிப்போக வந்தவர். ரயில் எஞ்சின் டிரைவர், இன்னும் வேலையில் இருக்கிறார். யாரிடம் விசாரித்தாரோ, நேராக டயர் கிடங்குக்கு வந்துவிட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான்.

"அந்த விமானத்தோட எஞ்சினைக் கவனிச்சது யாரு?"

"நான்தான்."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார்.

"எஞ்சின் தானா நின்னுச்சா, இல்ல யாராவது நிறுத்திட்டாங்களா?"

தொழில் தெரிந்தவரின் கேள்வி. "இன்னும் தெரியல" என்றேன்.

"தெரிஞ்சா எனக்கு ஒரு கடிதாசி போடுங்க. யாரு தப்பா இருந்தாலும் சரி. என் வீட்டுக்காரிக்கு நான் ஏதாவது சொல்லணும்."

என் பென்சிலை வாங்கி விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

18 ஜனவரி, சனி

பல் வலி. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன்.

20 ஜனவரி, திங்கள்

பல் வலி நிற்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி. அதிகாரிகள் வார்டு பல் வைத்தியர் அறையைத் தாண்டித்தான் இருக்கிறது. முத்தண்ணா சாருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது, தோள்பட்டை எலும்பும். நினைவு வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னார்.

மாரித்தங்கம் கேட்டாள். "எந்தப் பல்லு?"

கீழ்வரிசை என்றேன்.

21 ஜனவரி, செவ்வாய்

விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது. தலைவர் விங் கமாண்டர் பரூச்சா. வேறு நிலையத்திலிருந்து வந்தவர், மெலிந்த ஆள், குரலை உயர்த்தாமல் பேசுகிறார். மேஜையில் என் வேலைப் பதிவு விரித்து வைத்திருந்தது. எந்த ஸ்பானர், எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று ஒன்றரை மணி நேரம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

கடைசியாக, "இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் நேரில் பார்த்தாரா?" என்றார்.

தண்ணீர் குடித்தேன்.

"பார்க்கவில்லை சார்."

எட்டாம் தேதிப் பக்கத்தில் பார்த்தார் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அன்று கடுங்குளிர். எத்திராஜுலு சார் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நீ பண்ணதுக்கு மேல நான் இன்னாத்தப் பாக்கப்போறேன், கொண்டா" என்று அங்கேயே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பன்னிரண்டு வருஷமாக எனக்கு அண்ணன் மாதிரி இருப்பவர். ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார்.

வெளியே வந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே போகாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"சார், நீங்க பார்க்கலன்னு சொல்லிட்டேன்."

அவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "நானும் அதைத்தான் காலைல சொல்லிட்டு வந்தேன். நீ எனக்காகப் பொய் சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துக்கினே இருந்தேன். உள்ள வா, டீ குடி."

டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார். அப்படியே குடித்தேன்.

29 ஜனவரி, புதன்

என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

உடைந்த விமானத்தை ஹேங்கரில் துண்டு துண்டாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். தீயில் அந்த ரப்பர் குழாயின் நடுப்பகுதி கரியாகிவிட்டது. ஆனால் இரண்டு முனையும், இரண்டு நட்டும், நான் போட்ட பூட்டுக்கம்பியும் அப்படியே இருக்கின்றன. நட்டு இறுக்கமாகவே இருந்ததாம். கருவிப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இடது எஞ்சினுக்கு எரிபொருள் வராமல் நின்றிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். கசிவு இல்லை, பம்ப்பிலும் பழுதில்லை. அப்படியானால் பைலட்தான் தவறுதலாக எரிபொருள் அடைப்பானை மூடியிருக்க வேண்டும் என்று குழு நினைக்கிறது. பரூச்சா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவார் என்கிறார்கள்.

மாரித்தங்கம் சேமியா பாயசம் வைத்தாள். மூன்று பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா. மூஞ்சி எதுக்கு இப்பிடி இருக்கு?"

"பல் வலி."

"உங்க வாயில ஒரு சொத்தைப் பல்லு கிடையாது. நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனிய. ஒரு தடவையாவது அந்த மனுசன் கட்டில் பக்கம் போனியளா?"

பாயசத்தில் ஏலக்காய் தூக்கலாக இருந்தது.

30 ஜனவரி, வியாழன்

போனேன்.

முத்தண்ணா சாரின் காலை மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்க பேரு சுத்தமாயிடுச்சுன்னு கேட்டேன். சந்தோஷம் சார்ஜென்ட்" என்றார்.

"சார், நீங்க அந்த அடைப்பானை…"

"தொடவே இல்ல. என் வலது கை கண்ட்ரோல்ல இருந்துச்சு, இடது கை திராட்டில்ல. மூணாவது கை எனக்கு இல்ல. ஆனா யாரு நம்புவாங்க? நாமளே அந்த இடத்துல இருந்தா நம்புவோமா?"

"எஞ்சின் எப்படி நின்னுது சார்? டக்குனு நின்னுதா, திக்கித் திணறி நின்னுதா?"

கண்ணை மூடி யோசித்தார். "யாரோ குழாயைத் திருகி மூடின மாதிரி. எரிபொருள் முள்ளு விறுவிறுன்னு கீழ இறங்குச்சு. முழு வேகம் குடுத்துக் கொஞ்ச நேரம் கழிச்சு."

வெளியே வந்தபோது ஒன்று தோன்றியது. அந்தக் குழாய் மாட்டுவதற்கு முன்பு அந்த எஞ்சின் ஒரு நாளும் நின்றதில்லை. மாட்டினதற்குப் பிறகு பறந்தது ஒரே முறை.

எத்திராஜுலு சாரிடம் சொன்னேன். "உன்னைத்தான் விட்டுட்டாங்களே. மறுபடியும் போய்த் தலைய குடுத்தா, இந்தத் தபா விட மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பார்க்க உட்கார்ந்தேன். மூன்று வாரமாக ஒத்திப்போட்ட வேலை.

"கொஞ்சமாத் திறந்தா தண்ணி வருது. முழுசாத் திறந்தா நின்னு போவுது" என்றாள் மாரித்தங்கம்.

"அதெப்படி? முழுசாத் திறந்தா அதிகமாத்தான் வரும்."

"நீங்களே திறந்து பாருங்க."

முழுசாகத் திறந்தேன். குழாய் ஒரு துள்ளுத் துள்ளியது, தண்ணீர் நின்றது. பாதி மூடினேன், வந்தது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். மறுமுனையில் வானம் வட்டமாகத் தெரிந்தது. அடைப்பு இல்லை.

அரிவாள்மணையில் வைத்து நீளவாக்கில் அறுத்தேன். உட்புற ரப்பர்த் தோல் ஒரு பக்கமாகப் பிரிந்து நாக்கு மாதிரி கிடந்தது. தண்ணீர் மெதுவாகப் போனால் நாக்கு சுவரோடு படுத்திருக்கும். வேகமாகப் போனால் எழும்பிக் குறுக்கே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நின்றதும் மறுபடி படுத்துக்கொள்ளும். பிறகு யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

மூன்றாம் எண்ணில் நான் மாட்டியதும் ரப்பர் குழாய்தான்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு எத்திராஜுலு சார் சொன்னதையும் சொன்னேன்.

"அவரு சொல்லுதது உங்க நல்லதுக்குத்தான். ஆனா நீங்க போகாட்டா இந்தப் பல்லு வலி ஆயுசுக்கும் நிக்காது" என்றாள்.

3 பிப்ரவரி, திங்கள்

ஸ்டோரில் விசாரித்தேன். மூன்றாம் எண்ணில் மாட்டியது டிசம்பரில் வந்த புதுச் சரக்கு. அதே சரக்கிலிருந்து இன்னும் மூன்று விமானங்களுக்குப் போன வாரக் கடைசியில் மாட்டியிருக்கிறது, மூன்றும் இன்னும் பறக்கவில்லை. அவற்றில் ஒன்று நானே மாட்டியது.

ஒரு புதுக் குழாய் கேட்டேன். வாங்கிக்கொண்டு வந்து வேலை மேஜையில் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகும்.

உள்தோல் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் ஒரு முனையில் நான்கு விரற்கடை தூரத்துக்குப் பசையின் அடையாளமே இல்லை. நகத்தால் நெம்பினால் பிரிந்தது. பழைய சரக்குக் குழாய் ஒன்றையும் அறுத்தேன். அதில் கடைசிவரை பசை இருந்தது, நெம்பினால் நகம்தான் உடைந்தது.

இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு விங் கமாண்டர் பரூச்சாவின் அறைக்குப் போனேன்.

"புதுக் குழாயை அறுக்க யார் அனுமதி கொடுத்தது?"

"யாரும் கொடுக்கவில்லை சார்."

இரண்டு குழாயையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "நாளை மறுநாள் செய்து காட்டுங்கள்" என்றார்.

5 பிப்ரவரி, புதன்

தோற்றுவிட்டேன்.

ஹேங்கரில் எரிபொருள் பம்ப் வண்டியோடு புதுக் குழாய் ஒன்றைப் பொருத்தினேன். மறுமுனையில் எரிபொருள் ஓட்டத்தைக் காட்டும் அளவுமானி. குழுவில் மூன்று பேரும், எங்கள் பிரிவு அதிகாரிகளும் சுற்றி நின்றார்கள். பாதி வேகம், முள் சரியாக நின்றது. முழு வேகம், அப்போதும் சரியாக நின்றது. ஐந்து நிமிடம் ஓடியது. பத்து நிமிடம் ஓடியது. முள் அசையவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பரூச்சா கடிகாரத்தைப் பார்த்தார். "போதும் சார்ஜென்ட்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மாரித்தங்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்டுக் குழாய் மட்டும் வாங்கின அன்னைக்கேவா மக்கர் பண்ணுச்சு? நல்லா ஊறுன பொறவுதான" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. எட்டாம் தேதி மாட்டிய அன்றும் முழு வேகத்தில் ஓட்டினோம், நன்றாகத்தான் ஓடியது. பிறகு இரண்டு நாள் பனி. விமானம் நிறைந்த டாங்கியோடு சும்மா நின்றது. குழாய் இரண்டு நாள் எரிபொருளில் ஊறியிருக்கிறது.

6 பிப்ரவரி, வியாழன்

காலை ஏழு மணிக்குப் பரூச்சா சாப்பிட வரும் வழியில் நின்றேன். இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்று சொன்னேன்.

"நேற்று எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டீர்கள். மறுபடியும் வேண்டுமா?"

"குழாயை எரிபொருளில் ஊறப் போட்டுவிட்டேன் சார். நீங்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. சனிக்கிழமைவரை அந்த மூன்று விமானங்களும் பறக்கக்கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

பின்னால் எத்திராஜுலு சார் நின்றுகொண்டிருந்தார். "ஒரு குழாய் பத்தாது. மூணு ஊறப் போடு. ஒண்ணு ஏமாத்துனா இன்னொண்ணு வேணும்ல" என்றார். மூன்று போட்டோம். வாளியின் மேல் அவர் பெயரையும் என் பெயரையும் சேர்த்து எழுதிக் காகிதம் ஒட்டினார்.

8 பிப்ரவரி, சனி

பதினொரு மணிக்கு மறுபடி ஹேங்கர். புதனன்று வந்ததைவிடக் கூட்டம் அதிகம். நான் தோற்பதைப் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். பரூச்சாவிடம் நான் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன், அதன்படி முத்தண்ணா சாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்டுப்போட்ட கால் நேராக நீட்டியிருந்தது.

பாதி வேகம் கொடுத்தேன். முள் அசையாமல் நின்றது.

முழு வேகம் கொடுத்தேன். முள் அப்போதும் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். பத்து தாண்டியது. எத்திராஜுலு சார் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். இருபது தாண்டியது. குழாய் ஒரு முறை உதறியது. அளவுமானியின் முள் விறுவிறுவென்று கீழே இறங்கி அடியில் போய்ப் படுத்தது.

பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. குழாய் வழியாக எதுவும் வரவில்லை.

பம்ப்பை நிறுத்திக் குழாயைக் கழற்றிப் பரூச்சாவிடம் நீட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அடுத்தவரிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். கை மாறிக் கை மாறிக் கடைசியில் முத்தண்ணா சாரிடம் போனது.

"இன்னொரு முறை" என்றார் பரூச்சா.

இரண்டாவது குழாய். அதே மாதிரி. மூன்றாவதை மாட்டும்போது பரூச்சா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே வந்து பம்ப்பின் திருகைப் பிடித்தார். அதிலும் எரிபொருள் நின்றது.

முத்தண்ணா சார் நாற்காலியை முன்னால் தள்ளச் சொன்னார். முள்ளைக் காட்டினார். ஆங்கிலத்தில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"இதுதான். அன்னைக்கும் இப்படியேதான் விழுந்துச்சு."

பரூச்சா எழுத்தரைக் கூப்பிட்டார். பைலட்டின் கை தவறு என்று தட்டச்சு செய்திருந்த தாளை வாங்கி, எல்லோருக்கும் தெரியும்படி நான்காகக் கிழித்தார். பிறகு சக்கர நாற்காலிக்கு முன்னால் போய் நேராக நின்று சல்யூட் வைத்தார். ஒரு விங் கமாண்டர் தனக்குக் கீழே உள்ளவருக்கு முதலில் சல்யூட் வைப்பதை என் பதினாறு வருஷ வேலையில் பார்த்ததில்லை. முத்தண்ணா சாருக்குக் கையைத் தூக்க முடியவில்லை, தோளில் கட்டு. முகம் மட்டும் கோணிக்கொண்டு போனது.

அதன் பிறகுதான் கைதட்டினார்கள். ஹேங்கர் தகரக் கூரை அதிர்ந்தது. எத்திராஜுலு சார் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன்.

வீட்டுக்கு நடந்து வந்தேனா ஓடி வந்தேனா தெரியாது. மாரித்தங்கம் என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். மூன்று முறை சொன்னேன்.

10 பிப்ரவரி, திங்கள்

பறக்காமல் நிறுத்தின மூன்று விமானங்களிலும் குழாயைக் கழற்றி அறுத்தோம். ஆறாம் எண்ணில் உள்தோல் ஏற்கெனவே பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது போன வெள்ளிக்கிழமை பறந்திருக்க வேண்டிய விமானம். அதன் பைலட் வந்து அந்தத் துண்டைக் கையில் வாங்கி விரலால் நாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அவருக்கு நான்கு மாதக் கைக்குழந்தை.

நாடு முழுக்க அந்தச் சரக்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவசரத் தந்தி போயிருக்கிறது. வேறு இரண்டு நிலையங்களில் இன்னும் ஐந்து கெட்ட குழாய்கள் அகப்பட்டனவாம். எல்லாக் குழாயையும் சோதித்து முடிக்கும்வரை எங்கள் ஒன்பது விமானங்களும் பறக்கக்கூடாது என்று தடை.

சதாராவுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு முறை கிழித்துப் போட்டு ஐந்தாவது முறை எழுதியது இதுதான். எஞ்சின் தானாக நின்றது. யாரும் நிறுத்தவில்லை. உங்கள் மகனும் பைலட்டும் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்கள். குழாயை மாட்டியது நான். அது உள்ளே கெட்டிருந்தது மாட்டும்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். இனி அதனால் ஒருவரும் விழமாட்டார்கள்.

20 பிப்ரவரி, வியாழன்

இன்று எங்கள் பிரிவுக் கமாண்டரின் மேஜையில் எனக்கு இரண்டு தாள் இருந்தன. ஒன்று, அனுமதியில்லாமல் அரசாங்கக் குழாயை அறுத்ததற்குக் கண்டிப்பு. இன்னொன்று பாராட்டுப் பத்திரம். இரண்டிலும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

எத்திராஜுலு சாருக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்குக் கடுமையான கண்டிப்பு. கடைசி மாதங்களில் இது பதிவேட்டில் ஏறுவது சின்ன விஷயமில்லை. "டார்ச் அடிச்சிருந்தாலும் எனக்கு அந்த நாக்கு தெரிஞ்சிருக்காது. ஆனா அடிச்சிருக்கணும்" என்றார். இப்போது ஒவ்வொரு நட்டுக்கும் தரையில் படுத்துப் பார்க்கிறார். சட்டை முதுகெல்லாம் கிரீஸ்.

சதாராவிலிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. மகனின் அம்மாவிடம் படித்துக் காட்டினாராம். ஜனவரி பத்தாம் தேதிக்குப் பிறகு அன்றுதான் அவர் ரொட்டி தட்டினாராம்.

11 மார்ச், செவ்வாய்

தடை நீங்கியது. ஒன்பது விமானங்களும் ஒரே காலையில் பறப்பது என்று முடிவு.

ஒரு மாதமாக ஞாயிறு பார்க்காமல் உழைத்தோம். பதினெட்டு எஞ்சின், பதினெட்டுக் குழாய். ஒவ்வொன்றையும் ஊறவைத்துச் சோதித்த பிறகே மாட்டினோம். நான் கையெழுத்துப் போட்டேன், எத்திராஜுலு சார் பார்த்துப் போட்டார். பார்த்தார் என்று எழுதுவது இப்போது உண்மை.

வானம் துடைத்த மாதிரி இருந்தது. வேலிக்கு அப்பால் கடுகு அறுத்து முடிந்து வயல் வெறும் தரையாகக் கிடந்தது. முத்தண்ணா சார் ஊன்றுகோலோடு வந்து புல்லில் என் பக்கத்தில் நின்றார். ஆகஸ்டில் மருத்துவச் சோதனை, தேறினால் மறுபடி பறக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேறுவேன் என்றார், ஏதோ சாப்பாட்டு நேரத்தைச் சொல்வது மாதிரி.

காலனி வீடுகளின் மொட்டைமாடியெல்லாம் பெண்கள். மாரித்தங்கம் சிவப்புச் சேலை கட்டியிருந்தாள், அதனால் தூரத்திலிருந்தும் தெரிந்தது. அவளைச் சுற்றி நான்கு வீட்டுக்காரிகளும் நின்றார்கள்.

முதலாவது எழும்பியது. நானும் முத்தண்ணா சாரும் மூச்சு விடவில்லை. வேலியைத் தாண்டியது. வயலைத் தாண்டியது. மரங்களுக்கு மேலே ஏறி, வெயிலில் பளிச்சென்று திரும்பியது. இரண்டு எஞ்சினும் சேர்ந்து பாடின. இரண்டாவது, மூன்றாவது. ஆறாம் எண் போனபோது எத்திராஜுலு சார் தொப்பியைக் கழற்றிவிட்டார். எட்டாவது. ஒன்பதாவது.

மூன்று மூன்றாகச் சேர்ந்து நிலையத்தின் மேலே ஒரு சுற்று வந்தன. தரை அதிர்ந்தது, பல் வரைக்கும் அதிர்ந்தது. மொட்டைமாடியில் பெண்கள் கை வீசுவதைப் பார்த்தேன். முத்தண்ணா சார் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் நின்றார்.

"கோகலே இருந்தா இந்நேரம் பாட்டு பாடுவான்" என்றார். "மட்டமா பாடுவான்."

ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி இறங்கின. நான் எண்ணினேன். ஒன்பதும் வந்தன. கடைசியாக வந்து நின்ற விமானத்தின் இடது எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. சுடும்வரை வைத்திருந்தேன்.